நாலாவது ஆள்

கொழும்புக் கோட்டையில் எங்கள் அரசாங்கக் கந்தோர் இரண்டாம் மாடியில் இருந்தது. ஏறிப்போக நாற்பத்தாறு படிகள். லிப்ட் ஒன்று உண்டு. அது பெரிய உத்தியோகத்தர்களுக்கு மட்டும். எழுதுவினைஞர்களுக்குப் படிக்கட்டு. வெள்ளவத்தையில் ரயிலேறிக் கோட்டையில் இறங்கி, எட்டேகாலுக்கு நான் அந்தப் படிக்கட்டின் அடிக்கு வந்துவிடுவேன். அதே நேரத்துக்குக் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருப்பார். என் மேசைக்கு அடுத்த மேசைக்காரர். என்னைவிட ஏழு வயது மூத்தவர், தரத்தில் எனக்கு ஒன்று கீழே. கத்தோலிக்கர். மணம் முடிக்காமல், தையல் படிப்பிக்கும் தமக்கையோடு குடியிருந்தவர்.

நான் எதையும் எண்ணுவதை என் மனைவி ஒரு வருத்தம், ஒரு நோய் என்றே சொல்வாள். ரயில் பெட்டிகள், மின்கம்பங்கள், மழை நாளில் எதிரே வரும் குடைகள். எண்பத்து மூன்று வயதிலும் இது விட்டுப் போகவில்லை. இப்போது மாத்திரைகளை எண்ணுகிறேன், எண்ணிய பிறகும் சந்தேகப்பட்டுத் திரும்ப எண்ணுகிறேன். அந்த நாட்களில் எனக்கு முன்னால் ஏறியவர் எத்தனை இடத்தில் நிற்கிறார் என்று எண்ணினேன்.

பதினாறாம் படியில் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவார். இருபத்தெட்டாம் படியில் சுவரில் தொங்கும் தீ விபத்து அறிவித்தலை வாசிப்பார். எத்தனையோ வருடமாக மாறாத அறிவித்தல் அது. முப்பத்தெட்டில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதன் பிறகு எட்டுப் படி. நான் இரண்டு படி கீழே நின்று பைக்குள் எதையோ தேடுவதுபோல் இருந்துவிட்டு, அவர் நகர்ந்ததும் நகர்வேன். முதல் வருடம் சப்பாத்துக் கயிறு மட்டும்தான். இரண்டாம் வருடம் அறிவித்தலும் சேர்ந்தது. மூன்றாம் வருடம் கண்ணாடி.

இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் கேட்டதில்லை. நெஞ்சில் கோளாறு என்று ஒரு சொல் மேலே போனால் மருத்துவச் சபைக்கு முன்னால் நிறுத்துவார்கள். நாற்பத்தாறு வயதில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே எங்கள் கந்தோரில் ஒருவருடைய நோயை மற்றவர் காண்பதில்லை. கண்டாலும் காணாததுதான். இருமுகிறவரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம். இதை நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

எழுபதாம் ஆண்டுக்கு முந்திய ஒரு சித்திரை மாதம். வெள்ளவத்தையில் காலை ஏழு மணிக்கே சுவர் சுடும். என் மனைவியின் தம்பி, பழைய சாம்பல் நிறக் கார் ஒன்றை வாங்கி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவன், நுவரெலியாவுக்குப் போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றான். தன் திணைக்களத்துப் பங்களாவில் அறையும் எடுத்துவிட்டான். நான், மனைவி, அவன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

மனைவி இடியப்பத் தட்டை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“மூண்டு பேராப் போறதோ? சரிவராது.”

“ஏனக்கா, காருக்கு மூண்டு சில்லா இருக்கு?” என்றான் அவள் தம்பி.

“நீ பகிடி விடாதை. மூண்டு பேராய் ஒரு காரியத்துக்கும் வெளிக்கிடுறேல்ல. ஒரு கல்லை எடுத்துக் காரிலை வையுங்கோ. அதை நாலாவது ஆளா எண்ணலாம். எங்கடை வீட்டிலை அப்பிடித்தான் செய்யிறது.”

“கல்லுக்கும் ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடுப்பமோ அத்தான்?”

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. கல்லை ஆள் என்று எண்ணுவது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று கூடாது என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அவள் நம்பினால் அதை ஒழுங்காக நம்ப வேண்டும் என்று பட்டது.

“எண்ணிக்கை எண்டால் எண்ணிக்கைதான். கல்லு ஆளில்லை. நாலு பேர் வேணுமெண்டால் நாலாவதா ஒரு மனிசனைப் பிடிப்பம்” என்றேன்.

படித்தவன் பேச்சு. இதைச் சொன்னபோது எனக்கு முப்பத்தொன்பது வயது.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி அடுத்த மேசைக்காரரிடம் இதை ஒரு பகிடியாகச் சொன்னேன். அவர் நன்றாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்; என்னை எப்போதும் ‘ஐசே’ என்றுதான் கூப்பிடுவார்.

“நுவரெலியாவோ? நான் ஒருநாளும் போனதில்லை ஐசே. எங்கட ஒழுங்கையில நிண்டால் கப்பல் பாய்மரம் தெரியும். மலை எண்டு ஒண்டு கண்ணால காணேல்ல.”

“நாற்பத்தாறு வயசிலையோ?”

“அக்காவைத் தனிய விட்டிட்டுப் போக மனம் வரேல்ல. உமக்கு ஆள் குறையுதெண்டால் நான் வாறன். சைவக்காரருக்கு எண்ணிக்கை குறைஞ்ச இடத்தில வேதக்காரன் கை குடுத்தான் எண்டு இருக்கட்டும்.”

அந்தக் கணத்தில் எனக்குப் பதினாறும் இருபத்தெட்டும் முப்பத்தெட்டும் நினைவுக்கு வந்தன. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நாற்பத்தாறு படி என்பது இருபத்தைந்து அடி உயரம். நுவரெலியா ஆறாயிரத்து இருநூறு அடி. கணக்காகத்தான் நினைத்தேன். காரில் இருந்து போகிறவருக்குப் படி இல்லையே என்று அந்தக் கணக்கை முடித்தும் வைத்தேன்.

“காலமை ஆறு மணிக்கு வீட்டை வந்து சேரும்” என்றேன்.

புறப்படும் நாளில் ஐந்தே முக்காலுக்கே வந்து நின்றார். வெள்ளைக் காற்சட்டை, மினுக்கிய சப்பாத்து, கழுத்துப்பட்டி. கையில் தடித்த கம்பளிக் கோட்டு ஒன்று. கப்பலில் வேலை செய்த பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கியதாம். பூச்சி உருண்டை மணந்தது. தமக்கை வெண்ணெய் பூசிக் கட்டிக் கொடுத்த பாண் பொட்டலத்தை என் மனைவியிடம் நீட்டினார்.

“நாலாவது கல்லு வந்திட்டுது, தங்கச்சி” என்றார்.

மனைவி முதல்முறையாகச் சிரித்தாள். பெண் பிள்ளையோடு பின்னால் அமர்வது முறையல்ல என்று அவர் முன்னால், மைத்துனனுக்குப் பக்கத்தில் ஏறினார். நானும் மனைவியும் பின்னால். இதனால் அந்த நாள் முழுவதும் அவருடைய முதுகும் தோளும் என் கண்முன் இருந்தன.

கண்டி வீதியில் வயலும் தென்னையும் கழிந்து கேகாலை தாண்டும் வரை அவர் வாய் ஓயவில்லை. ஒவ்வொரு மேட்டையும் காட்டி “இது மலையோ தம்பி?” என்று கேட்பார். மைத்துனன் “இது வரம்பு அண்ணை, பொறுங்கோ” என்பான். கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கி, ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பள்ளமுமாக வந்தபோது கேள்விகள் நின்றன. தோள் அசைவதைக் கொண்டு மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்திரண்டு.

“தம்பி, ஒருக்கா நிப்பாட்டும். சப்பாத்துக் கயிறு அவிண்டு போச்சு.”

மைத்துனன் சிரித்தான். “காருக்குள்ளை இருந்தே கட்டலாமே அண்ணை! நடந்தோ போறியள்?”

“குனிய இடம் காணாது, தம்பி.”

அவர் இறங்கி, தெருக்கரைக் கல்லில் காலை வைத்துக் கட்டினார். கயிறு அவிழ்ந்திருக்கவில்லை. அவர் அதை அவிழ்த்துவிட்டுக் கட்டியதை நான் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். நான்கு நிமிடம்.

இது பதினாறாம் படி.

பேராதனையில் திரும்பிக் கம்பளை தாண்டினோம். தேயிலை தொடங்கியது. நான் அதுவரை தேயிலைத் தோட்டத்தைப் படத்தில் மட்டும் பார்த்தவன். சீவி வாரிவிட்ட தலைமயிர்போல மலை மலையாகப் பச்சை; அதற்குள் கூடை சுமந்த பெண்கள் புள்ளி புள்ளியாக. ஒரு சரிவில் பதினேழு பேரை எண்ணினேன். அழகுதான். மனைவி என் கையைப் பிடித்துக் காட்டியதும் நினைவிருக்கிறது. ஆனால் என் கண் திரும்பத் திரும்ப முன் ஆசனத்துக்கே வந்தது. இருபத்தாறு. இருபத்தெட்டு.

புசல்லாவையில் ஒரு தேத்தண்ணிக் கடையோரம் நிறுத்தி இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். அவர் சாப்பிடவில்லை. பிளேன்ரீயைக் கையில் வைத்துச் சூடு காய்ந்தபடி காரின் மட்கார்டில் சாய்ந்து நின்றார். மனைவி என்னைச் சற்று அப்பால் அழைத்தாள்.

“உவருக்கு ஏலாமல் கிடக்கு. உதடு நீலிச்சுப்போய்க் கிடக்குது. நீங்கள் பாக்கேல்லையோ?”

“குளிருக்கு அப்பிடித்தான்.”

“என்ன குளிர் இங்கை? எனக்கு வேர்க்குது. இஞ்சருங்கோ, திரும்புவமே?”

திரும்பியிருக்கலாம். மூவாயிரம் அடி உயரத்தில், பகல் பன்னிரண்டரை மணிக்கு, ஒரு சொல்லில் திரும்பியிருக்கலாம். ஏன் திரும்பவில்லை என்று நாற்பத்து நான்கு வருடம் என்னையே விசாரித்திருக்கிறேன். பங்களாக் காவற்காரனுக்கு இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தது, மைத்துனனின் ஆசை, கல் விஷயத்தில் மனைவிக்கு நான் தோற்றுப்போவது, இவையெல்லாம் சின்னக் காரணங்கள். பெரிய காரணம் வேறு. அவரிடம் போய் “உமக்கு நெஞ்சு ஏலாது, திரும்புவம்” என்று சொன்னால், எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். மூன்று வருடமாகத் தினமும் இரண்டு படி கீழே நின்று பையைத் துழாவியது எதற்கு என்பது தெரிந்துவிடும். பிறகு அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

“பசியில்லையாம். வேறை ஒண்டுமில்லை” என்றேன் மனைவியிடம்.

றம்பொடையில் அருவி விழும் இடத்துக்கு மேலே இரண்டாம் தரம் நிறுத்தச் சொன்னார். தெருவோரம் ஒரு தோட்டத்துப் பெயர்ப்பலகை.

“அந்தப் பலகையை ஒருக்கா வாசிப்பம்.”

“தேயிலைத் தோட்டம் எண்டு போட்டிருக்கு அண்ணை” என்றான் மைத்துனன். அவன் குரலில் இப்போது பகிடி இல்லை.

அவர் பலகைக்கு முன்னால் நின்றார். ஒரு வரிப் பலகை. ஏழு நிமிடம் வாசித்தார். ஒரு கை பலகையின் கம்பத்தைப் பிடித்திருந்தது. மூச்சு முப்பத்தாறு. மனைவி என்னைப் பார்த்தாள். நான் அருவியைப் பார்த்தேன்.

அங்கிருந்து கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கார் முக்கி முனகி ஏறும். கீழே விட்டுவந்த தெரு பாம்புபோல் நாலைந்து மடிப்பாகத் தெரியும். பதினோராவது வளைவில் மேகம் தெருவுக்கு இறங்கிவிட்டது. குளிர். மைத்துனன் விளக்கைப் போட்டான். எல்லாம் வெள்ளை, கண்ணாடிக்கு அப்பால் ஆறடி தூரம்கூடத் தெரியவில்லை.

“நிப்பாட்டும், தம்பி” என்றார். காரணம் சொல்லவில்லை.

பள்ளத்தோரத் தடுப்பான தெருக்கட்டில் போய் இருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டியின் நுனியால் துடைக்கத் தொடங்கினார். துடைக்கத் துடைக்கப் பனி படிந்தது. நானும் இறங்கிப் பக்கத்தில் நின்றேன். முதல்முறையாக இரண்டு படி கீழே நில்லாமல் பக்கத்தில் நின்றேன்.

“என்ன தெரியுது?” என்று கேட்டேன்.

“வெள்ளையா இருக்கு ஐசே.” இடையில் இரண்டு மூச்சு. “அக்காவுக்கு... எல்லாம் வடிவாத் தெரிஞ்சது எண்டு... சொல்லுவம் என?”

“ஓம், சொல்லுவம்.”

எழும்பப் பார்த்தார். எழும்ப முடியவில்லை. கண்ணாடி கையிலிருந்து விழுந்தது. நானும் மைத்துனனும் தூக்கிக்கொண்டுபோய் முன் ஆசனத்தில் சாய்த்தோம். மனைவி பின்னாலிருந்து நெஞ்சைத் தடவினாள். அந்நிய ஆண் என்று பார்க்கவில்லை.

“அத்தான், மேலையோ கீழையோ?” மைத்துனன் சாவியில் கைவைத்தபடி கேட்டான். “ஆசுப்பத்திரி எது கிட்ட?”

இதற்கு மறுமொழி சொல்லத்தக்க ஒரே ஆள் நான்தான். காலையிலிருந்து ஒவ்வொரு மைல்கல்லையும் எண்ணி வந்தவன். மேலே நுவரெலியாவுக்கு ஒன்பது மைல். கீழே புசல்லாவைக்குப் பதின்மூன்று.

“மேலை” என்றேன்.

மைலை எண்ணினேன். அடியை எண்ணவில்லை. அந்த ஒன்பது மைலும் ஏற்றம் என்பது எனக்கு உறைக்கவில்லை. மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். நாற்பத்து நான்கு. பிறகு எண்ண முடியாத அளவுக்குச் சின்னச் சின்னதாக. பிறகு ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் நீண்ட இடைவெளி. நகரத்தின் முதல் தகரக் கூரைகள் தெரிந்த இடத்தில் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு நான் முப்பது வரை எண்ணினேன். அறுபது வரை எண்ணினேன். மனைவி என் வாயைக் கையால் பொத்தினாள். அப்போதுதான் நான் உரத்து எண்ணிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

ஆசுப்பத்திரி வாசலில் வெள்ளை, சிவப்பு, மஞ்சளாய்ப் பூக்கள் பூத்துக் கிடந்தன. இளம் வைத்தியர் ஒருவர் பார்த்துவிட்டு, “இப்படிப்பட்டவரை ஏன் மேலே கொண்டுவந்தீர்கள்? உடனே கீழே இறக்கியிருக்க வேண்டும்” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, இறக்கியிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றார். அவர் சொன்ன இரண்டு வசனங்களில் முதலாவதுதான் என்னிடம் தங்கியது.

தமக்கைக்குச் சொல்லும்படி கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயில் சுவாமிக்குத் தந்தி கொடுத்தோம். மறுநாள் காலை சவப்பெட்டியை ஒரு வானில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாங்கள் பின்னால் வெளிக்கிட்டோம். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. முந்திய நாள் மேகம் மூடிய வளைவில் இப்போது பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது: மலைக்குப் பின்னால் மலை, தூரத்தில் ஒரு குளம், ஒரு கோயில் கோபுரம்கூட.

“நிப்பாட்டு” என்றாள் மனைவி.

இறங்கிப் போய், தெருக்கட்டின் அடியில் ஒரு கல்லை எடுத்தாள். தேங்காயளவு கல். சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தாள். கொண்டுவந்து முன் ஆசனத்தில், அவர் இருந்த இடத்தில் வைத்தாள்.

“என்னக்கா இது?”

“மூண்டு பேர்” என்றாள்.

நான் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினேன். வளைவுகளில் கல் உருண்டு விழாமல் மைத்துனன் இடக்கையால் பிடித்துக்கொண்டான்.

கொட்டாஞ்சேனையின் குறுகிய ஒழுங்கையில் சனம் நிறைந்திருந்தது. கறுப்புச் சேலை உடுத்த தமக்கை என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். ஐம்பதைத் தாண்டியவர், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய காய்ப்பு. அழுது முடித்திருந்தார்.

“மலை பாத்தவனோ தம்பி?”

“பாத்தவர், அக்கா. எல்லாம் வடிவாத் தெரிஞ்சது எண்டு சொன்னவர்.”

தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அவனுக்கு நெஞ்சு சரியில்லை. கந்தோரில ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொல்லுவான். தெரிய வந்தால் வீட்டுக்கு அனுப்பிப்போடுவாங்கள் எண்டு என்னையும் வாய் திறக்க விடேல்ல. உங்களுக்குத் தெரியுமோ தம்பி?”

மனைவி பக்கத்தில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அதுவே ஒரு கேள்விபோல் இருந்தது.

“இல்லை அக்கா. தெரியாது” என்றேன்.

“ஓம். தெரிஞ்சிருந்தால் நீங்கள் கூட்டிக்கொண்டு போயிருக்கமாட்டீங்கள்.” என் கையைத் தட்டிக் கொடுத்தார். “நான்தான் மறிச்சிருக்க வேணும். பாண் கட்டிக் குடுத்து அனுப்பினன்.”

நான் செய்ததை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கல் எங்கள் வீட்டில் கடற்காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் ஒரு பையோடு அந்த வீட்டைவிட்டு ஓடியபோது அதை எடுக்கவில்லை. மனைவி இறக்கும் வரை ஒருநாளும் அந்தப் பயணத்தைப் பற்றி என்னைக் குற்றம் சொன்னதில்லை. மூன்று பேராக எங்கும் போனதும் இல்லை.

அந்தச் சித்திரை கழிந்து மூன்று வாரத்தில் தமக்கை சில பத்திரங்களில் கையெழுத்து வைக்கக் கந்தோருக்கு வர வேண்டியிருந்தது. அவர் வரும் நேரத்தைக் கேட்டறிந்து, பத்திரங்களை எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்கினேன். அவர் அந்தப் படிக்கட்டில் ஏறக்கூடாது. நாற்பத்தாறு படியையும் ஒருமுறை ஏறினால், தம்பி எங்கே எங்கே நின்றிருப்பான் என்று அவருக்கு விளங்கிவிடும். அவனுக்குப் பின்னால் தினமும் ஏறிய ஒருவனுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது என்பதும் விளங்கிவிடும். வாசற் காவலாளியின் மேசையில் வைத்து, ஐந்து இடத்தில் கையெழுத்து வாங்கினேன்.

“என்னை ஏற விடாமல் நீங்களே இறங்கி வந்தீங்களே தம்பி” என்றார் பேனையை மூடிக்கொண்டு. “அவன் உங்களைப் பற்றி எப்பவும் நல்லாத்தான் சொல்லுவான். பின்னால வாறவர் ஒருநாளும் அவசரப்படுத்தமாட்டார், நான் நிண்டால் தானும் நிற்பார் எண்டு.”

குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். நான் பத்திரங்களோடு திரும்ப ஏறினேன். இருபத்தெட்டாம் படியில் கால் நின்றுவிட்டது. அந்த அறிவித்தலை அன்றைக்குத்தான் முழுதாக வாசித்தேன். பன்னிரண்டு வரி.